பெயர் வெட்டிய ஏனங்கள்: தாமிரபரணிக் கரையில் வெள்ளியும் பித்தளையும்

பெயர் வெட்டுதல் என்பது உலோகப் பாத்திரத்தின் கழுத்திலோ விளிம்பிலோ அடிப்புறத்திலோ உடையவரின் பெயரை உளியால் பொறித்து வைக்கும் வழக்கம் ஆகும். திருநெல்வேலிப் பக்கத்தில் பாத்திரத்தை ஏனம் என்று சொல்வோம். எந்த வீட்டு அடுப்படியிலும் ஓர் ஏனத்தைத் திருப்பிப் பார்த்தால் ஒரு பெயர் இருக்கும். சில நேரம் அது அந்த வீட்டில் இப்போது இருப்பவர் எவருடைய பெயராகவும் இருக்காது.

மேல்நாடுகளில் இதே வழக்கம் வெள்ளிக் கரண்டிகளிலும் முள்கரண்டிகளிலும் வளர்ந்தது. அங்கே முழுப் பெயரை எழுதாமல், பெயரின் முதலெழுத்துகளைப் பின்னிப் பிணைத்து ஒரு சின்னமாக்கினார்கள். அதற்கு மோனோகிராம் என்று பெயர். தமிழில் பெயரெழுத்துச் சின்னம் எனலாம். அந்தக் கரண்டிகளைச் சேகரிப்பதும் ஆராய்வதும் அங்கே ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. நம் ஏனங்களுக்கு அப்படி ஒரு கவனிப்பு இன்னும் வரவில்லை. இரண்டு வழக்கங்களும் நம் ஆற்றங்கரையில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை. ஆகவே இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பானையில் தொடங்கிய பெயர்

உடைமையின் மீது பெயர் எழுதும் பழக்கம் நம்மிடம் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது அன்று. கீழடி, கொடுமணல் போன்ற இடங்களில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்தில் ஆட்பெயர்கள் கீறப்பட்டுள்ளன. ஆதன், குவிரன் முதலிய பெயர்கள் இப்படிக் கிடைத்தவையே. எகிப்தின் செங்கடல் கரையில் உள்ள குசேர் அல் காதிம் துறைமுகத்திலும் கணன், சாதன் என்று தமிழ்ப் பெயர் எழுதிய ஓடுகள் கிடைத்தன. கடல் கடந்து போனவனும் தன் பானை இன்னொருவன் பானையோடு கலந்துவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறான்.

நம் பகுதியில் ஆதிச்சநல்லூரை முதலில் 1876-இல் பெர்லினைச் சேர்ந்த ஜாகோர் தோண்டிப் பார்த்தார். பிறகு 1899 முதல் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். அங்கே கிடைத்த வெண்கலக் கிண்ணங்களும், விலங்கு உருவங்கள் நிற்கும் மூடிகளும், நெற்றியில் கட்டும் பொற்பட்டங்களும் தாமிரபரணிக் கரையில் உலோக வேலை எவ்வளவு பழமையானது என்பதற்குச் சாட்சி. ஆற்றின் பெயரிலேயே தாமிரம் இருக்கிறது. நடராசப் பெருமானின் ஐந்து சபைகளில் திருநெல்வேலிக்கு உரியது தாமிர சபை. வெள்ளியம்பலம் மதுரைக்குப் போய்விட்டது. உலோகக் கணக்கில் இந்த மண் செம்புக்கும் அதிலிருந்து பிறந்த பித்தளை, வெண்கலத்துக்கும் உரியது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். வெள்ளி இங்கே எப்போதும் விருந்தாளிதான்.

அது சரியும்கூட. தமிழ்நாட்டில் குறிப்பிடத்தக்க வெள்ளிச் சுரங்கம் இல்லை. ரோமானியக் காசாகவும், பிற்காலத்தில் தென்னமெரிக்கச் சுரங்கங்களின் வெள்ளி ஐரோப்பியக் கப்பல்கள் வழியாகவும் அது வந்தது. மிளகு, முத்து, துணி ஆகியவற்றுக்கு விலையாக வந்த உலோகம் அது. வெண்பொன் என்ற பழைய பெயரே அதன் மதிப்பைக் காட்டுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் கொடுத்த பொன், வெள்ளிப் பாத்திரங்கள் எடையோடு கல்வெட்டில் எழுதப்பட்டுள்ளன. கொடுத்தவர் பெயர், பொருள், எடை ஆகிய மூன்றும் அங்கே சேர்ந்தே வருகின்றன. பின்னாளில் நம் வீட்டுச் செம்பின் அடியில் வெட்டப்பட்டதும் ஏறத்தாழ இதே மூன்றுதான்.

தமிழர் வீட்டு வெள்ளி

கையால் பிசைந்து இலையில் உண்ணும் வீட்டில் சாப்பாட்டுக் கரண்டிக்கு வேலை இல்லை. எனவே மேல்நாட்டார் போல முள்கரண்டியும் கத்தியும் கொண்ட வெள்ளித் தொகுப்பு நம்மிடம் உருவாகவில்லை. நம் வெள்ளி வேறு வடிவங்களில் இருந்தது. பூசைக்குப் பஞ்சபாத்திரமும் உத்தரணியும், குழந்தைக்குப் பாலாடை, சடங்குகளுக்குச் சந்தனக் கும்பா, பன்னீர்ச்செம்பு, குங்குமச் சிமிழ், விருந்தினருக்கு வெற்றிலைத் தட்டு, வசதி உள்ளவர்களுக்கு டவரா தம்ளர். இவற்றுள் கரண்டி இனத்தில் சேர்வது உத்தரணி. ஒரு விரல் நீளத் தண்டும் சிறு குழிவும் கொண்ட அந்தத் தீர்த்தக் கரண்டிக்கு மேல்நாட்டுத் தேக்கரண்டியை அண்ணன் தம்பி என்று சொல்லலாம், வேலைதான் வேறு.

பாலாடை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூக்கு நீண்ட சிறு கிண்ணம் அது. குழந்தை பிறந்ததும் தாய்வீட்டார் கொடுப்பது. பேரப்பிள்ளைகள் வரை கை மாறும். ஒல்லாந்து நாட்டிலும் குழந்தை பிறந்தால் பெயரும் நாளும் பொறித்த வெள்ளிக் கரண்டியைப் பரிசளிப்பது வழக்கம். தூத்துக்குடியில் 1658 முதல் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஒல்லாந்தர் இருந்தார்கள். அவர்களிடமிருந்து நாம் கற்றோம் என்று சொல்ல இது போதாது. குழந்தையின் வாயில் முதலில் படுவது வெள்ளியாக இருக்க வேண்டும் என்ற ஆசை இரண்டு நாட்டுக்கும் பொது என்று மட்டும் சொல்லலாம்.

வெள்ளிச் சாமான் செய்ய உலோகம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் காசிலிருந்து. 1835 முதல் கும்பினியும், பிறகு பிரிட்டிஷ் அரசும் அடித்த ரூபாய் 180 கிரெயின் எடை கொண்டது, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. அரசாங்க முத்திரை இருந்ததால் தரத்தில் சந்தேகம் இல்லை. கைச்செம்பு செய்ய வேண்டுமா, ரூபாய்களை எண்ணித் தட்டாரிடம் கொடுத்து உருக்கச் சொல்வார்கள். 100 ரூபாயை உருக்கினால் 1 கிலோ 166 கிராம். ரூபாய் எடை என்று வெள்ளியை நிறுக்கும் வழக்கமும் இப்படித்தான் நிலைத்தது. 1940-இல் ரூபாயின் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். 1947-இல் நிக்கல் ரூபாய் வந்துவிட்டது. ஆக, ரூபாயை உருக்கிச் செய்த நல்ல வெள்ளி என்றால் அது பெரும்பாலும் 1940-க்கு முந்திய காசு என்று கொள்ளலாம்.

வெள்ளைக்காரர் மேசை

இந்தக் கரையில் மேல்நாட்டு மேசைக் கரண்டி புழங்கிய இடங்கள் சில உண்டு. பாளையங்கோட்டையில் இருந்த அதிகாரிகளின் பங்களாக்கள். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ், 1841-இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் போன்றோரின் மிஷன் வீடுகள். 1880-களில் பாபநாசம் நீர்விசையை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் எழுந்த ஹார்வி ஆலையின் அதிகாரிகள் குடியிருப்பு. 1929-இல் சிங்கம்பட்டி சமீன் காட்டைக் குத்தகைக்கு எடுத்துத் தொடங்கிய மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம். 1875 டிசம்பரில் இங்கிலாந்து இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்டு, இலங்கையிலிருந்து தூத்துக்குடியில் இறங்கி இரயிலில் போகும் வழியில் மணியாச்சியில் நின்றபோது, திருநெல்வேலிக் கிறித்தவர்கள் பெருந்திரளாகக் கூடி வரவேற்றார்கள். அதே மணியாச்சியில்தான் 1911 ஜூன் 17-இல் ஆஷ் துரை சுடப்பட்டார் என்பதை மாணவர்கள் அறிவார்கள்.

இந்த வீடுகளின் வெள்ளி இரண்டு வழியில் வந்தது. ஒன்று, இங்கிலாந்திலிருந்து பெட்டியில் வந்தது. மற்றொன்று, சென்னையில் வாங்கியது. சென்னையில் 1849-இல் தொடங்கிய பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனம் கடிகாரத்துக்கும் வெள்ளிக்கும் பேர் போனது. மவுண்ட் ரோட்டில் சிஷோம் வடிவமைத்த அதன் கட்டடம் இன்னும் பலருக்கு நினைவிருக்கும். தேநீர்க் குடுவையின் வயிற்றில் நம் கோயில் சிற்பம் போலத் தெய்வ உருவங்களைப் புடைப்பாக அடித்து அவர்கள் விற்ற சாமான்களுக்கு மேல்நாட்டில் சுவாமி வெள்ளி என்றே பெயர். வடிவம் அவர்களுடையது, உளி பிடித்த கை நம்முடையது. அந்தக் கைகளின் பெயர் எந்தச் சாமானிலும் இல்லை. கடையின் முத்திரை மட்டுமே உண்டு.

முத்திரையைப் பற்றி மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது. இங்கிலாந்தில் 1300-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெள்ளிச் சாமான் சோதிக்கப்பட்டுச் சிறுத்தைத் தலை முத்திரை பெற்றது. 1478 முதல் ஆண்டைக் குறிக்கும் எழுத்து, 1544 முதல் நடக்கும் சிங்கம் ஆகியவை சேர்ந்தன. 1773-இல் பர்மிங்காமுக்கு நங்கூரமும், ஷெபீல்டுக்குக் கிரீடமும் ஊர்ச் சின்னமாயின. 1784 முதல் 1890 வரை வரி கட்டியதற்கு அரசரின் தலை. ஆக, ஒரு கரண்டித் தண்டின் பின்புறம் உள்ள நான்கைந்து சிறு குத்துகளைப் படித்தால் ஊர், ஆண்டு, தரம், செய்தவர் எல்லாம் தெரியும். ஸ்டெர்லிங் என்பது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி செம்பு. சுத்த வெள்ளி மிக மென்மையானது, கரண்டி வளைந்துவிடும் என்பதால் இந்தக் கலப்பு.

இந்தியாவில் பிரிட்டிஷார் அப்படிப்பட்ட சோதனைச் சாலை எதையும் ஏற்படுத்தவில்லை. எனவே சென்னை, கல்கத்தாக் கடைகள் தங்கள் பெயரையே முத்திரையாகக் குத்தின. சிலர் இங்கிலாந்துச் சின்னங்களைப் போலத் தோன்றும் போலிக் குறிகளையும் சேர்த்தார்கள். நம் ஊர்த் தட்டார் எதையுமே குத்தவில்லை. உரைகல்லும், தெரிந்த மனிதர் என்ற நம்பிக்கையும் போதுமாக இருந்தன. இந்தியத் தர நிறுவனம் வெள்ளிக்குத் தர முத்திரை கொடுக்கத் தொடங்கியது 2005-இல்தான்.

பின்னிய எழுத்துகளைப் படித்தல்

சேகரிப்போர் மூன்றைப் பிரித்துச் சொல்வார்கள். எழுத்துகள் தனித்தனியே நின்றால் அது முதலெழுத்து. கொடிபோல் பின்னியிருந்தாலும் ஒவ்வோர் எழுத்தும் முழுமையாக இருந்தால் அது சைபர். ஓர் எழுத்தின் கோடே இன்னோர் எழுத்துக்கும் பயன்பட்டால் அதுதான் சரியான மோனோகிராம். மூன்று எழுத்துகள் முக்கோணமாக நின்று, மேலே ஒன்றும் கீழே இரண்டும் இருந்தால், பெரும்பாலும் அது கணவன் மனைவி கூட்டுடைமை: மேலே குடும்பப் பெயர், கீழே இடப்புறம் கணவன், வலப்புறம் மனைவி. மணமகள் தன் பிறந்த வீட்டு எழுத்தோடு கொண்டுவந்த கரண்டிகளும் உண்டு. சீர்வரிசைப் பழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று.

எழுத்து எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் ஒரு செய்தி. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கிலாந்தில் கரண்டியைக் கவிழ்த்து வைப்பார்கள். எழுத்து பின்புறம் இருக்கும். பிறகு நிமிர்த்தி வைக்கத் தொடங்கினார்கள். எழுத்து முன்புறம் வந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் முள்கரண்டியைக் கவிழ்த்தே வைத்ததால் அவர்களுடைய எழுத்து பின்னால்தான். விருந்தாளியின் கண்ணில் எது படுமோ அங்கேதான் பெயர் நிற்கும்.

பழம்பொருள் சந்தையில் இந்தப் பெயரெழுத்துகளுக்கு நெடுங்காலம் மரியாதை இருந்ததில்லை. இன்னொரு வீட்டு எழுத்து இருந்தால் விலை குறையும் என்று வியாபாரிகள் அதைத் தேய்த்து அழித்தார்கள். தேய்த்த இடம் மெலிந்துவிடும். விரலால் தடவினாலோ வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாலோ ஒரு சிறு பள்ளம் தெரியும். இன்று நல்ல சேகரிப்பாளர்கள் அழித்த கரண்டியைத்தான் ஒதுக்குகிறார்கள். சரியான மாற்றம் என்பது என் எண்ணம். வெள்ளி எங்கும் கிடைக்கும். அந்த மூன்றெழுத்து அந்த ஒரு வீட்டுக்குத்தான் உண்டு.

கிடைப்பதெல்லாம் வெள்ளியும் அல்ல. 1840-இல் பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனம் மின்முலாம் பூசும் முறைக்கு உரிமை பெற்ற பிறகு, வெள்ளி முலாம் பூசிய கரண்டி நடுத்தர வீட்டுக்கும் வந்தது. ஈ.பி.என்.எஸ். என்ற நான்கு எழுத்து இருந்தால் அது முலாம். உள்ளே இருக்கும் நிக்கல் சில்வர் அல்லது ஜெர்மன் சில்வரில் பெயரைத் தவிர வெள்ளி சிறிதும் இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றின் கலவை அது. பழைய ஈ.பி.என்.எஸ். கரண்டியை வெள்ளி என்று நம்பிப் பெட்டியில் வைத்திருக்கும் வீடுகள் நம் ஊரில் உண்டு. முலாமாக இருந்தாலும் அது பழம்பொருள்தான். விற்கப் போனால்தான் ஏமாற்றம்.

எழுத்துச் சின்னம் என்றதும் நெல்லைக்காரன் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. உலகின் புகழ்பெற்ற வணிகப் பெயரெழுத்துச் சின்னங்களில் ஒன்று ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கும்பினியுடையது: பெரிய வி எழுத்தின் இரு கைகளில் ஓவும் சியும் தொங்கும். அந்த வி.ஓ.சி. சின்னம் பொறித்த காசுகள் தூத்துக்குடித் துறைமுகத்தில் புழங்கின. பிறகு 1906-இல் அதே துறைமுகத்தில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார் வ.உ.சி. ஆங்கிலத்தில் எழுதினால் அதே மூன்று எழுத்து. ஒட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்த குழந்தைக்கு வண்டானம் உலகநாதன் சிதம்பரம் என்று தலைப்பெழுத்து அமைந்தபோது யாரும் இதை நினைத்திருக்க மாட்டார்கள்.

சமீன்தார் வீடுகளிலும் மேல்நாட்டு மேசை நுழைந்தது. வயது வராத வாரிசுகளைக் கோர்ட் ஆப் வார்ட்ஸ் மூலம் சென்னையின் நியூயிங்டன் விடுதிப் பள்ளியில் வைத்து ஆங்கிலப் படிப்பும் ஆங்கில நடையும் கற்பித்தார்கள். 1919-இல் அங்கே முதல்வர் டி லா ஹே கொல்லப்பட்ட வழக்கில் சிங்கம்பட்டி, கடம்பூர் வாரிசுகள் சிக்கி, பின் விடுதலை ஆயினர். அந்த வழக்கின் செலவே சிங்கம்பட்டிக் காடு குத்தகைக்குப் போனதற்குக் காரணம் என்று சொல்வார்கள். 1948-இல் சமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகு வருமானம் இழந்த பெரிய வீடுகளில் முதலில் வெளியேறக் கூடியது நிலம் அன்று, வெள்ளி. நிலத்தை விற்றால் ஊருக்குத் தெரியும்; வெள்ளிக் கூசாவை விற்றால் தட்டாருக்கு மட்டும் தெரியும்.

உளியும் எழுத்தும்

மேல்நாட்டுச் செதுக்குபவர் கூர்மையான உளியைத் தள்ளிச் சிறிது உலோகத்தைச் சீவி எடுக்கிறார். நம் பெயர் வெட்டுபவர் சிற்றுளியைச் சுத்தியலால் தட்டிக் குத்துகிறார். உலோகம் ஒதுங்குகிறது, வெளியே வருவதில்லை. வெட்டு என்று பெயர், செய்வது குத்து. தட்டாரிடம் ஒரு குன்றிமணி குறைந்தாலும் கேள்வி கேட்கும் ஊரில், வெள்ளியைச் சீவி எடுக்கும் முறை நிலைத்திருக்காது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

தமிழ் எழுத்து வளைவு நிறைந்தது. ஓலையில் எழுத்தாணி வழுக்கிக்கொண்டு போகும். பித்தளையில் உளி அப்படிப் போகாது. ஆகவே ஒவ்வொரு வளைவும் சிறு சிறு குத்துகளின் வரிசையாக அமையும். குடத்தின் கழுத்தைத் தொடையில் சாய்த்து வைத்துக்கொண்டு, எழுதிப் பார்க்காமலே, எழுத்துக்கு இடைவெளி பிசகாமல் தட்டிக்கொண்டே போவார்கள். இப்போது கடைகளில் மின்சாரப் பேனாப் போன்ற சிறு இயந்திரம் இருக்கிறது. அது அதிர்ந்து அதிர்ந்து கோடு போடும். பாத்திரம் வாங்கினால் பெயர் இலவசம். வேலை விரைவு, ஆழம் குறைவு. பத்து வருடத் தேய்ப்பில் மங்கிவிடுகிறது.

முத்திரை இல்லாத நம் ஏனங்களுக்குக் காலம் கணிக்க முடியுமா? முடியும். எழுத்தே முத்திரை. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன் ணா, றா, னா ஆகியவை சுழித்த கூட்டெழுத்துகள். லை, ளை, னை, ணை ஆகியவற்றுக்கு முன்னே தும்பிக்கை போன்ற கொம்பு இருந்தது. பழைய வடிவம் இருந்தால் பாத்திரம் பழையது என்று ஊகிக்கலாம். ஆனால் வயதான உளிக்காரர்கள் சட்டத்துக்காகக் கையை உடனே மாற்றிக்கொள்ளவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எனவே புதிய வடிவம் இருந்தால் 1978-ஐ ஒட்டியோ பிந்தியோ என்பதுதான் இன்னும் உறுதியான முடிவு.

அடுத்த அடையாளம் ஆண்டு. திருநெல்வேலிச் சீமையில் பத்திரங்களிலும் கணக்குகளிலும் கொல்லம் ஆண்டு நெடுங்காலம் புழங்கியது. ஏனத்தில் 1095 என்று கண்டு மலைத்துப்போக வேண்டாம். 825-ஐக் கூட்டினால் 1920 ஏறத்தாழச் சரியாக வரும். சில ஏனங்களில் தமிழ் எண்கள், சிலவற்றில் பிரபவ முதலான ஆண்டுப் பெயர். எடையும் உதவும். சேரும் பலமும் ரூபாய் எடையும் இருந்தால் பழையது. கிராம் கணக்கு 1958-இல் மெட்ரிக் முறை நடைமுறைக்கு வரத் தொடங்கிய பிறகு.

பெயரின் அமைப்பே ஒரு சமூக வரலாறு. பழைய ஏனங்களில் பெயருக்குப் பின் சாதிப் பட்டம் தவறாமல் இருக்கும். 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு பட்டங்களைக் கைவிடத் தீர்மானித்தது. அதன் விளைவு நம் அடுப்படிக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின. ஆனால் வந்து சேர்ந்தது. தாத்தாவின் அண்டாவில் பட்டம் இருக்கும், மகனுடைய குடத்தில் வெறும் தலைப்பெழுத்து இருக்கும். ஸ்ரீமதி திருமதியானதும் இப்படியே. தொடக்கத்தில் உள்ள பிள்ளையார் சுழி, சிலுவை, 786 ஆகியவை வீட்டின் சமயத்தைச் சொல்லும். தெருவின் பெயரோ சமுதாயத்தின் பெயரோ வெட்டியிருந்தால் அது கல்யாணத்துக்கும் கொடைக்கும் இரவல் போகும் பொதுப் பாத்திரம். உபயம் என்றால் கோயிலுக்கு. நினைவாக என்றால் ஒரு சாவு.

பத்தமடையில் கோரைப்பாய் நெய்பவர்கள் கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரை நெய்து தருவதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம். பாய் நைந்துபோகும். ஏனம் நிற்கும்.

யாருடைய பெயர்

என் பள்ளிக் காலத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டு ஏனங்களில் உள்ள பெயர்களை அப்படியே எழுதி வரச் சொல்வேன். வரலாற்றுப் பாடத்துக்கு இதைவிட மலிவான துணைக்கருவி எனக்குக் கிடைத்ததில்லை. வரும் பட்டியல்களில் ஒரு செய்தி தவறாமல் தெரியும்: பாதிக்கு மேல் பெண்களின் பெயர்கள். அதுவும் கணவன் பெயரின் எழுத்தோடு அல்ல, தகப்பன் பெயரின் எழுத்தோடு.

காரணம் எளிது. ஏனங்கள் பெரும்பாலும் சீராக வந்தவை. பெண்ணின் பிறந்த வீட்டார், கொடுத்தனுப்பும்போதே பெயர் வெட்டிக் கொடுத்தார்கள். நிலப் பட்டாவில் ஆணின் பெயர், வீட்டுத் தீர்வை ரசீதில் ஆணின் பெயர், குடும்ப அட்டையில் தலைவர் ஆண். அந்தக் காலத்துப் பெண்ணின் பெயர், அவளுடைய சொத்துக்கு உரியவளாக எழுதப்பட்ட ஒரே இடம் பல வீடுகளில் இந்த ஏனம்தான். 1956-இல்தான் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் மகளுக்குக் குடும்பச் சொத்தில் சமபங்கு 1989-இல். அதற்கு முன்பும் ஸ்ரீதனம் அவளுடையது என்பது மரபு. ஆனால் மரபுக்குச் சாட்சி வேண்டுமே. கூட்டுக் குடும்பம் பிரியும்போதும், மணம் முறியும்போதும், அவள் கண்ணை மூடிய பிறகு மகள்களுக்குள் பங்கு வரும்போதும் ஏனத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். வெட்டிய பெயருக்கு எதிராகப் பேச ஆள் இராது.

மொய்யாக வந்த பாத்திரங்களில் கொடுத்தவர் பெயரே இருக்கும். அது உடைமைக் குறி அல்ல, கடன் குறிப்பு. அவர் வீட்டு விசேடத்துக்கு இதே அளவில் திருப்பிச் செய்ய வேண்டும் என்று அந்தத் தூக்குச்சட்டி தினமும் நினைவூட்டும்.

உருகிப்போகும் ஏடுகள்

1913-இல் ஷெபீல்டில் ஹாரி பிரயர்லி துருப்பிடிக்காத எஃகைக் கண்டார். துப்பாக்கிக் குழல் தேய்மானத்தை ஆராயப் போய்க் கிடைத்தது அது. வெள்ளி முலாமுக்கும் கத்திக்கும் பேர் போன அதே ஊரிலிருந்து வெள்ளிக் கரண்டியின் எமன் புறப்பட்டது. நம்மிடம் அது எவர்சில்வர் என்ற பெயரில் வந்து, 1960-களுக்குப் பிறகு ஈயம் பூச வேண்டாத, புளி போட்டுத் தேய்க்க வேண்டாத அதிசயமாகப் பரவியது. பழைய பித்தளையை நிறுத்துக் கொடுத்து எவர்சில்வர் வாங்கினார்கள். போணியும் கும்பாவும் சருவமும் கிலோக் கணக்கில் போயின. யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஈயம் பூசுபவர் வரவில்லை என்றால் பித்தளைச் சட்டியில் புளிக்குழம்பு வைக்க முடியாது. அந்தத் தொல்லை பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

வெள்ளி வேறு வகையில் போகிறது. விலை ஏறினால் போகிறது. 1980 ஜனவரியில் அமெரிக்காவின் ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததில் விலை அவுன்சுக்கு 50 டாலரை ஒட்டிப் போனது. அப்போது அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெயரெழுத்துப் பொறித்த பழைய வெள்ளிக் கரண்டிகள் ஏராளமாக உலையில் விழுந்தன. 2025-இல் விலை அந்த உச்சத்தையும் தாண்டியது. அடகுக் கடையிலும் நகைக்கடையிலும் பழைய வெள்ளிக்கு ஒரே கேள்விதான்: எத்தனை கிராம்? பாட்டியின் பெயர் வெட்டிய கும்பாவுக்கும் நேற்று வாங்கிய கும்பாவுக்கும் தராசில் வேறுபாடு இல்லை. பழையது என்றால் சேதாரம் என்று கொஞ்சம் குறைப்பார்கள், அவ்வளவே. வெள்ளி 962 டிகிரி செல்சியசில் உருகும். அந்தப் பெயர் அதோடு போயிற்று.

வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். வெள்ளி கறுப்பது காற்றில் உள்ள கந்தகத்தால். ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்தால் அந்த இடம் கோடாகக் கறுக்கும். உப்பு, புளி பட்டால் உடனே கழுவ வேண்டும். நம் வீடுகளில் விபூதி போட்டுத் துலக்குவார்கள். அது மென்மையான முறைதான். ஆனால் ஒவ்வொரு துலக்கலும் மயிரிழை அளவு வெள்ளியை எடுத்துப் போகிறது, முதலில் தேய்வது எழுத்தின் விளிம்பு. ஆகவே பெயர் உள்ள இடத்தை மட்டும் அழுத்தாமல் துடைத்தால் போதும். குழிக்குள் தங்கும் கறுப்பு எழுத்தைப் படிக்க உதவத்தான் செய்யும். மங்கிய பெயரை மறுபடி வெட்டச் சொல்லாதீர்கள். பழைய கையெழுத்து போய்ப் புதிய கையெழுத்து வந்துவிடும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருளும் கைவினைப் பொருளும் தொல்பொருள் ஆகும். தனியார் எவரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வணிகம் செய்ய உரிமம் வேண்டும். வீட்டில் வைத்திருப்பதற்குத் தடை இல்லை. மண்ணில் புதையலாகக் கிடைத்தால் கதை வேறு: 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் போனாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

எல்லா வீட்டாராலும் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியாது. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய நேரத்தில் கும்பாவைக் கட்டிக்கொண்டு அழ முடியுமா? விற்கத்தான் வேண்டும். விற்குமுன் செய்யக் கூடியது ஒன்று உண்டு. பெயரின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்து அப்படியே தாளில் வரும். கல்வெட்டுத் துறையினர் மைப்படி எடுப்பதன் சிறு வடிவம் இது. பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி ஒரு படமும் எடுக்கலாம். தாளின் பின்புறம் ஏனத்தின் வகை, எடை, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குச் சீராக வந்தது, பெயருக்கு உரியவர் வீட்டாருக்கு என்ன உறவு என்று நான்கு வரி எழுதி வைக்க வேண்டும். வீட்டில் மூத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும்.